சிறைக்குப் போன வாப்பாவின் பிள்ளை



ஒரு வீட்டில் வாப்பா சிறைக்குப் போய்விட்டால் பிள்ளைகளிடம் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? "வாப்பா சவூதிக்குப் போயிருக்கிறார்." நல்லெண்ணத்தில் சொல்லும் பொய்தான். ஆனால் சின்ன ஊரில் அது எத்தனை நாள் நிற்கும்? வகுப்பில் யாரோ ஒரு பையன் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவான். அதன்பின் அந்தப் பிள்ளை உம்மாவின் பேச்சையும் நம்பாது. "வாப்பா மீது வழக்கு இருக்கிறது. நீ ஒரு தவறும் செய்யவில்லை" என்று வயதுக்கேற்றபடி சொல்லிவிடுவதே மேல். நடந்ததற்குத் தானே காரணம் என்று நினைத்துக் குமைவது சிறு பிள்ளைகளின் இயல்பு.

2018 டிசம்பரில் மாவனல்லைப் பகுதியில் புத்தர் சிலைகள் சேதமாக்கப்பட்டன. அடுத்து 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பலர் பிடிபட்டார்கள். வழக்கின்றி 18 மாதங்கள் வரை தடுத்து வைக்க அச்சட்டம் இடம் தந்தது; 2022இல்தான் அது 12 மாதங்களாகக் குறைந்தது. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். அந்த வீட்டுப் பிள்ளையை நம் பிள்ளையோடு மத்ரஸாவில் உட்கார வைப்பதற்கு எந்தத் தீர்ப்பும் தேவையில்லையே!

தோட்டப் பக்கம் கதை வேறு. கசிப்பு, போதைப்பொருள், கட்ட முடியாத அபராதம். இந்நாட்டில் ஆண்டுதோறும் சிறைக்கு அனுப்பப்படும் தண்டனைக் கைதிகளில் பெரும் பகுதியினர் அபராதம் செலுத்த வழியில்லாதவர்கள். அதற்குள் லயத்தில் தாய் இறப்பர் பால் வெட்டப் போகிறாள். தம்பி தங்கையைப் பார்க்க மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிடுகிறது. தோட்டப் பாதையில் கடை வைத்திருக்கும் வீட்டுச் சகோதரிகள் இதை நன்கு அறிவார்கள். கடன் கொப்பியில் அந்தக் குடும்பத்தின் பக்கத்தை மூடிவிடாதீர்கள் என்று உங்கள் கணவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் உணவளிப்பதைப் பற்றிப் பேசும்போது ஏழை, அநாதை, சிறைப்பட்டவர் மூவரையும் ஒன்றாகவே குறிப்பிடுகிறது. அங்கே ஊரும் இனமும் கேட்கப்படவில்லை. தமிழ்ப் பிள்ளைக்கு ஸதகா கொடுக்க எந்தத் தடையும் இல்லை.

பணம் மட்டும் போதாது. ரக்வானை, பலாங்கொடைப் பக்கத்திலிருந்து குருவிற்றச் சிறைக்குப் போவதென்றால் இரத்தினபுரியையும் தாண்ட வேண்டும். பஸ் கூலியோடு ஒரு நாள் சம்பளமும் போய்விடும். தாய் சிறைப்பட்டாலோ வெலிக்கடை வரை போக நேரலாம். பெற்றோரைப் பிரிந்த பிள்ளை அவர்களோடு தொடர்பு வைத்திருப்பது அதன் உரிமை என்கிறது சிறுவர் உரிமைச் சாசனம். இலங்கை அதை 1991இல் ஏற்றது. மாதத்தில் ஒரு தடவை கூடப் போய்வர ஒரு துணை, கைக்குழந்தையை அன்று பார்த்துக்கொள்ள ஒரு மடி. இதற்குப் பள்ளி நிர்வாகத்தின் கூட்டம் எதற்கு? அடுத்த வீட்டுப் பெண் போதும்.

பிள்ளை பாடசாலையை விட்டு நின்றுவிட்டால் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். யாராவது அடித்தாலோ வேலைக்கு வைத்தாலோ 1929க்குத் தொலைபேசி எடுங்கள்.