வாரம் ஒரு பொருள், ஒரே ஒரு படம்

புகைப்படம் நம் இல்லங்களில் அரிய நிகழ்ச்சியாக இருந்த காலம் ஒன்று உண்டு. திருமணம், புதுநன்மை, கல்லூரிப் பட்டம் போன்ற நாள்களில் குடும்பம் முழுவதும் ஸ்டூடியோவுக்குச் சென்று, மூச்சையும் அடக்கிக்கொண்டு நிற்கும். சற்று வசதியுள்ள வீடுகளில் அக்ஃபா கிளிக் போன்ற எளிய காமிரா இருந்தது. அதன் ஒரு சுருளுக்கு 12 படங்கள். பின்னர் வந்த 35 மில்லிமீட்டர் சுருளில் 36 படங்கள். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்ற ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' சுருளை மூத்த வாசகர்கள் நினைவுகூர்வர். ஒவ்வொரு படத்துக்கும் காசு செலவாயிற்று. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் முன்னர் ஒரு சிந்தனையும் இருந்தது.

இன்று காமிரா இல்லாத கைப்பேசி இல்லை. கைப்பேசி இல்லாத வீடும் அரிது. ஒரு திருமண விருந்தில் ஓர் இளைஞர் இருநூறு படங்கள் எடுக்கிறார். அவற்றை எடுத்தவரே மறுமுறை பார்ப்பதில்லை. இதைக் கண்டு முதியோர் சலித்துக்கொள்வதால் பயன் ஒன்றும் விளையாது. கையில் வந்துவிட்ட கருவியை நல்ல முறையில் ஆளக் கற்றுக்கொள்வதே அறிவுடைமை. அதற்கு உதவும் எளிய பயிற்சி ஒன்று, புகைப்படக் கலையைப் பொழுதுபோக்காகக் கொண்டோரிடையே வழங்கி வருகிறது. அதனை நம் குடும்பங்களுக்கு, சிறப்பாக நம் இளைஞர்க்கு, எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பயிற்சி யாது?

ஆர்வலர் சிலர் ஒரு குழுவாகச் சேருகின்றனர். வாரத்தின் தொடக்கத்தில் ஒரு பொருள் அறிவிக்கப்படுகிறது. 'கதவு' என்றோ, 'நிழல்' என்றோ, 'காத்திருத்தல்' என்றோ அது அமையலாம். அந்த வாரத்திற்குள் ஒவ்வொருவரும் அப்பொருளில் படம் எடுத்து, தாம் எடுத்தவற்றுள் ஒன்றே ஒன்றைத் தெரிந்து குழுவின்முன் வைக்கவேண்டும். பழைய படத்தைத் தேடி எடுத்துத் தருதல் கூடாது. வார முடிவில் எல்லாரும் எல்லாப் படங்களையும் பார்த்துக் கருத்துரைப்பர். அடுத்த வாரம் வேறு பொருள். இவ்வாறு ஓராண்டில் 52 பொருள்கள், 52 படங்கள்.

இதில் என்ன சிறப்பு என்று கேட்கலாம். 'விரும்பியதைப் படம் எடு' என்று ஒருவரிடம் சொன்னால், அவர் கன்னியாகுமரிக் கதிரவனையோ திற்பரப்பு அருவியையோ எடுத்து வருவார். ஆயிரம் பேர் எடுத்த அதே படம் ஆயிரத்தோராவது முறையாக வரும். 'கதவு' என்று சொல்லிப் பாருங்கள். முதல் நாள் அவர் தம் வீட்டுக் கதவை எடுப்பார். இரண்டாம் நாள் தெருவில் உள்ள பெரிய வீட்டின் வேலைப்பாடமைந்த கதவை நாடுவார். மூன்றாம் நாள் மனத்தில் தோன்றியவை எல்லாம் தீர்ந்துபோகும். உண்மையான பார்வை அப்போதுதான் தொடங்குகிறது. பல்லாண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டின் துருப்பிடித்த பூட்டு அவர் கண்ணில் படும். மாலையில் கதவருகே அமர்ந்து மகனின் வரவை நோக்கும் தாயும் அவர் கண்ணில் படுவார். நாள்தோறும் கடந்துசென்ற தெருவை அவர் அன்றுதான் காண்கிறார்.

இப்பொருள்கள் பல வகைப்படும். கை, பானை, படிக்கட்டு என்பன கண்ணுக்குப் புலனாகும் பொருள்கள். கோடு, வட்டம், நிழல் என்பன வடிவும் ஒளியும் பற்றியவை. தனிமை, நட்பு, நினைவு என்பன உள்ளத்து நிலைகள். நான்காம் வகை ஒன்றும் உண்டு. 'உன் வாசலிலிருந்து பத்து அடிக்குள்', 'நண்பகலில் மட்டும்' என எல்லை வகுப்பது அது. எல்லை குறுகக் குறுகக் கற்பனை கூர்மை பெறுகிறது என்பது இதில் பழகியோர் கண்ட உண்மை.

பழைய வேர்கள்

இது கைப்பேசிக் காலத்தின் புதுமை என்று எண்ணவேண்டாம். பாரிஸ் நகரில் 1839 ஆகஸ்ட் 19 அன்று டாகேரின் புகைப்பட முறை உலகுக்கு வெளியிடப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் புகைப்படச் சங்கங்கள் எழுந்தன. சென்னைச் சங்கத்துக்கு முன்னின்றவர், அங்கு 1850இல் கலைப்பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர். அதே காலத்தில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்பவர், பழங்கட்டடங்களைப் பதிவு செய்யும் பணியை ஏற்று, மதுரை, தஞ்சை, திருச்சி முதலிய ஊர்களில் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாகப் பிடித்து, இருபதுக்கும் மேற்பட்ட படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். பிறர் வகுத்துக் கொடுத்த பொருள் அவரைக் கட்டிப்போடவில்லை. கல்லில் உள்ள எழுத்தையும் உற்றுநோக்கச் செய்தது.

இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உண்டு. பெரும் பொருளாதார வீழ்ச்சியால் உழவர் குடும்பங்கள் நிலமிழந்து அலைந்த காலம் அது. அவர்களின் நிலையை நாட்டுக்குக் காட்ட அரசு 1935இல் ஒரு புகைப்படப் பிரிவை அமைத்தது. அதனை நடத்திய ராய் ஸ்ட்ரைக்கர் புகைப்படக்காரர் அல்லர், பொருளியல் ஆசிரியர். எடுக்கவேண்டிய பொருள்களைப் பட்டியலிட்டு அவர் தம் புகைப்படக்காரர்களுக்கு அனுப்புவார். மாலை நேரத்தை மக்கள் வீட்டில் எவ்வாறு கழிக்கின்றனர்? கோவிலுக்கு எவ்வாறு செல்கின்றனர்? ஊரில் எவ்விடத்தில் ஒருவரையொருவர் சந்திக்கின்றனர்? இத்தகைய எளிய கேள்விகளே அப்பட்டியலில் இருந்தன. 1944 வரை இப்பணியில் சேர்ந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள், அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தில் இன்றும் காக்கப்படுகின்றன. ஒரு தலைமுறையின் வாழ்வு அழியாமல் நின்றது. அதற்கு அப்பட்டியலும் ஒரு காரணம்.

நம் நாட்டில் 1953இல் இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பு உருவாயிற்று. புகைப்படச் சங்கங்களின் போட்டிகளில் பொதுப்பிரிவோடு, பொருள் குறித்த பிரிவும் இடம்பெறுவது வழக்கமாயிற்று. தமிழ் ஆர்வலர்களும் பின்தங்கவில்லை. 2007இல் 'தமிழில் புகைப்படக்கலை' என்ற பெயரில் இணையத்தில் கூடிய குழுவினர், கலையின் நுட்பங்களைத் தமிழிலேயே கற்பித்ததோடு, மாதம் ஒரு தலைப்புக் கொடுத்துப் போட்டியும் நடத்தினர். 'சென்னை வீக்எண்ட் கிளிக்கர்ஸ்' என்னும் குழுவினர் வார இறுதியில் ஓரிடத்தில் கூடி, நடந்தே சென்று படம் எடுக்கும் வழக்கத்தை வளர்த்தனர். பெருநகரில் இயல்வது சிற்றூரில் இயலாதா?

பூதப்பாண்டியில் பொருளுக்குப் பஞ்சமா?

சிற்றூரில் படம் எடுக்க என்ன இருக்கிறது என்று நம் பிள்ளைகள் கேட்பர். நாம் வாழும் பூதப்பாண்டியையே எடுத்துக்கொள்வோம்.

'நீர்' என்று ஒரு வாரம் வைக்கலாம். பழையாறு ஊரை ஒட்டி ஓடுகிறது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய்கள் வழியே நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு வருகிறது. குளம், மதகு, படித்துறை, வீட்டுக் கிணறு என ஒரு வாரம் போதாது.

'வயல்' என்று ஒரு பொருள் வைத்து, அதனை ஆண்டில் நான்கு முறை திரும்பக் கொடுக்கலாம். கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளையும் மண் இது. ஒரே வரப்பில் நின்று, நாற்று, பச்சை, பொன், தாள் என நான்கு நிலைகளையும் எடுத்தவன் உழவைப் பற்றி ஒரு பாடம் கற்றவனாவான். நான்காம் முறை சென்றபோது அவ்வயலில் மனைக்கல் நட்டிருந்தால், அதுவும் அவன் எடுக்கவேண்டிய படமே.

'காற்று' என்பது கடினமான பொருள். கண்ணுக்குத் தெரியாததை எவ்வாறு படம் எடுப்பது? ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் காற்றை முப்பந்தலின் காற்றாலைகள் காட்டும். கொடியில் படபடக்கும் வேட்டியும், குடையோடு போராடும் பள்ளிச் சிறுமியும் அதனினும் நன்கு காட்டுவர். 'பூ' என்றால் தோவாளைச் சந்தை இருக்கிறது. பூவை விட்டு, அதைத் தொடுக்கும் விரல்களை நோக்குபவரே அங்கு வெல்வார். 'பறவை' என்றால் சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் அருகிலேயே உள்ளன. அவை 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

'நினைவு' என்று ஒரு வாரம் வரட்டும். 1907இல் இவ்வூரில் பிறந்த ஜீவா என்னும் ப. ஜீவானந்தம், கொள்கையில் வேறுபட்டோரும் மதித்த எளிமைக்குரியவர். மறைந்த மனிதரை எதனைக் கொண்டு காட்டுவது என இளைஞர் சிந்திக்கட்டும். அவ்வாறே தம் வீட்டுப் பரணிலும் தேடட்டும். பத்தாயம், மரக்கால், உரல் ஆகியவற்றுள் ஒன்றைப் படம் எடுத்துவந்த பேரனுக்கு, அதன் பெயரையும் பயனையும் பாட்டி சொல்லுவார். பேரனுக்குக் கருவி தெரியும். பாட்டிக்குப் பொருள் தெரியும். இருவரும் ஒரு படத்தின்முன் அமர்ந்து பேசுவதே இப்பயிற்சியின் பெரும்பேறு.

நடத்தும் முறை

ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால் போதும். விலையுயர்ந்த காமிரா தேவையில்லை. பின்வரும் ஒழுங்குகளைக் கொள்ளலாம்:

1. ஞாயிறு மாலையில் பொருளை அறிவிக்கவேண்டும். குடும்பங்கள் முறைவைத்துப் பொருள் தரலாம், குழந்தைகளும் தரலாம்.

2. அந்த வாரத்தில் எடுத்த படமாக இருக்கவேண்டும். ஒருவருக்கு ஒரே படம். பலவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பதே பாதிப் பயிற்சி.

3. படத்தோடு இடம், நாள், பொருளின் பெயர் ஆகியவற்றை ஒரு வரியில் எழுதவேண்டும்.

4. கருத்துரைக்கும்போது, படத்தில் கண்டதை முதலில் சொல்லவேண்டும். குறையைப் பின்னர் சொல்லவேண்டும். 'அருமை' என்ற ஒரு சொல்லோடு நிறுத்துதல் கூடாது.

5. முதல் மூன்று மாதங்களுக்குப் பரிசு வேண்டாம்.

6. மாதம் ஒரு படத்தையேனும் தாளில் அச்சிட்டு, பின்புறம் விவரம் எழுதி ஆல்பத்தில் வைக்கவேண்டும். கைப்பேசி பழுதானால் அதிலுள்ள நூறு நூறு படங்களும் ஒருங்கே மறைந்துவிடக்கூடும். அச்சிட்ட படம் பேரன் கைக்கும் போய்ச் சேரும்.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, பரிசின் மயக்கம். எத்தகைய படத்துக்கு நடுவர் பரிசு தருவர் என்று கணக்கிட்டு எடுப்பவர், தம் கண்ணால் பார்ப்பதை விட்டுவிடுகிறார். விருப்பக் குறிகளை எண்ணிக்கொண்டிருப்பவர் நிலையும் அதுவே.

இரண்டாவது, பொய்ப்படம். சொன்னதைப் படமாக்கித் தரும் கணினி நிரல்கள் இன்று எங்கும் பரவிவிட்டன. 2023இல் சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவில் வென்ற ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், தம் படம் செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்டது என்று தாமே கூறிப் பரிசை மறுத்துவிட்டார். நம் பயிற்சியின் பயன் படத்தில் மட்டும் இல்லை. அதனைத் தேடி நடந்த நடையிலும், காத்திருந்த பொழுதிலும் இருக்கிறது. அதனை எந்த நிரலும் நமக்காகச் செய்து தராது.

மூன்றாவதே மிக முக்கியமானது. 'முதுமை', 'உழைப்பு', 'வறுமை' என்று பொருள் கொடுத்தவுடன் சிலர் ஏழையரின் வாசலை நோக்கி விரைகின்றனர். சுருக்கம் விழுந்த முகமும் கிழிந்த சேலையும் அவர்களுக்கு நல்ல படமாகத் தோன்றுகின்றன. முன் சொன்ன அமெரிக்க அரசுப் பணியில் 1936இல் டொரோதியா லாங்கே எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' என்னும் படம் உலகப் புகழ் பெற்றது. கவலை தோய்ந்த முகத்தோடு குழந்தைகளை அணைத்திருக்கும் அத்தாயின் பெயரைக்கூட லாங்கே கேட்கவில்லை. 42 ஆண்டுகள் கழித்து, 1978இல்தான் அவர் ஃப்ளோரன்ஸ் தாம்சன் என்பது உலகுக்குத் தெரிந்தது. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் வருந்திக் கூறினார். அவர் நோயுற்ற 1983இல், அப்படத்தை மறவாத மக்கள் பொருளுதவி அனுப்பினர் என்பது ஓர் ஆறுதல். அப்படம் பலர் உள்ளத்தில் இரக்கத்தை எழுப்பியதை மறுப்பதற்கில்லை. ஆயினும், படத்தில் உள்ளவருக்கும் ஒரு பெயர் உண்டு, ஒரு மானம் உண்டு என்பதை நம் இளைஞர் ஒருபோதும் மறத்தலாகாது.

ஆகவே ஒருவரைப் படம் எடுக்குமுன் பேசுங்கள், பெயர் கேளுங்கள், இசைவு பெறுங்கள். வேண்டாம் என்றால் வணங்கி விலகுங்கள். குழந்தைகளின் படத்தைப் பெற்றோர் இசைவின்றிப் பிறர் பார்வைக்கு வைக்கவேண்டாம். எடுத்த படத்தின் ஒரு பிரதியை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். தம் படம் சுவரில் தொங்கக் கண்டிராத எத்தனையோ முதியோர் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்குக் கொடுக்கும் அந்த ஒரு படம், எந்தப் போட்டியின் பதக்கத்தினும் மேலானது.

அன்பு வாசகர்களே, ஒரு தலைமுறைக்குப்பின் நம் தெரு இவ்வாறே இருக்கும் என்று எவரும் சொல்ல இயலாது. ஓட்டு வீடு மாறும், வயல் மனையாகும், பத்தாயம் விறகாகும், நாம் அறிந்த முகங்கள் மறையும். அவற்றைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் நம்மிடம் இல்லாமல் போகலாம். போகுமுன் அவற்றை ஒருமுறையேனும் உற்றுநோக்கி, பெயர் எழுதி வைக்கும் ஆற்றல் நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. முதல் வாரத்துக்கு 'வாசல்' என்று பொருள் வைத்துக்கொள்ளலாம். அதற்காகத் தொலைவு செல்லவேண்டியதில்லை. வீட்டை விட்டு ஓர் அடி வெளியே வந்து, திரும்பிப் பார்த்தால் போதும்.