ஜாமில் அச்சான ஹாலிவுட்

மலை முகட்டில் ‘ஹாலிவுட்’ என்ற சொல், பின்னால் வானம். 1971இல் அமெரிக்க ஓவியர் எட் ருஷே உருவாக்கிய இந்த அச்சுப்படத்துக்கு நிறம் தந்தவை ஆப்ரிகாட் ஜாம், திராட்சை ஜாம், மெட்ரெக்கால். கடைசியாகச் சொன்னது, உடல் இளைக்க அமெரிக்கர்கள் அந்நாளில் குடித்த பானம். சர்க்கரையும் பத்தியமும் ஒரே தாளில்! சினிமாக்காரர்களின் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கிண்டல் ஏது?

நிஜத்தில் உள்ள ‘ஹாலிவுட்’ பெயர்ப்பலகை பிறந்ததே விளம்பரமாகத்தான். 1923இல் வீட்டுமனை விற்க ‘ஹாலிவுட்லேண்ட்’ என்று நட்டார்கள். 1949இல் ‘லேண்ட்’ போனது. உண்மையில் அது நிற்பது மலைச்சரிவில். ருஷே அதை முகட்டில் ஏற்றி, வானத்தோடு உரசவிட்டார். இப்போது நாம் படிப்பது சொல்லையா, பார்ப்பது நிலக்காட்சியையா? கைத்திறனைவிட யோசனையே முக்கியம் என்னும் ‘கருத்தியல் கலை’க்குப் பிடித்த விளையாட்டு இது.

சரி, ஜாம் எப்படி அச்சாகிறது? துணிப்பையில் கடைப்பெயர் அச்சிடும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். நுண்ணிய வலைத்துணியைச் சட்டத்தில் விறைப்பாகக் கட்டி, ஒளி பட்டால் இறுகும் ஒரு பூச்சைத் தடவுவது பரவலான வழி. படம் விழவேண்டிய இடத்தை மட்டும் மறைத்து விளக்கொளியில் காட்டுவார்கள். மறைந்த இடத்துப் பூச்சு தண்ணீரில் கழுவிப் போகும்; அங்கே கண்ணிகள் திறக்கும். மையை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுத்தால், திறந்த கண்ணி வழியே மட்டும் தாளில் இறங்கும்.

இதற்கான மை தள்ளும்போது ஓடவேண்டும், விட்டதும் நிற்கவேண்டும். இந்தக் குணத்தைத் ‘தள்ளிளகல்’ எனலாம். பெக்டின் என்ற பழப்பசையால் ஜாமுக்கு அது இயல்பாகவே உண்டு. ஆனால் சிறு தோல் துணுக்கு கிடந்தாலும் கண்ணி அடைத்துக்கொள்ளும்.

ஜாம் படத்துக்கு முந்தைய ஆண்டு வெனிஸ் கலைக்காட்சியில் 360 தாள்களில் சாக்லேட்டை அச்சிட்டு, ஓர் அறையின் சுவர்களையே மூடினார் ருஷே. எறும்புகள் மோப்பம் பிடித்து வந்துவிட்டன! அதே 1970இல் லண்டனில் அச்சான தொகுப்பு ஒன்றில் மாங்காய்ச் சட்னியும் மையானது.

ஜாம் ஹாலிவுட்டின் பதிப்பு 85 பிரதிகள். இத்தகைய படங்களின் ஓரத்தில் பென்சிலால் 12/85 என்பதுபோல் எழுதியிருக்கும்: மொத்தம் 85, இது பன்னிரண்டாவது. அருங்காட்சியகத்தில் அச்சுப்படம் எதைக் கண்டாலும் அந்த எண்ணையும், எந்த மையில் அச்சிட்டது என்ற குறிப்பையும் படிக்கத் தவறாதீர்கள்.