பலாப்பழம் இழுத்த கோடு

வைகாசி மாதம் வடகாட்டிலிருந்து நான்கு பலாப்பழம் ஏற்றிக்கொண்டு வந்தோம். பின்சீட்டை மடித்து, டிக்கியோடு சேர்த்து இடம் பண்ணி, பழங்களை அப்படியே உருட்டிவிட்டார்கள். ஆலங்குடி வருவதற்குள் இரண்டு பள்ளம். புதுக்கோட்டை வீட்டில் பழத்தை இறக்கிய பிறகுதான் கண்ணில் பட்டது. டிக்கியின் இடது பக்கப் பிளாஸ்டிக் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். கரும்பலகையில் குழந்தை கிறுக்கியது மாதிரி. பின்கதவின் டோர் பேடிலும் ஒரு முழ நீளத்துக்கு ஒரே கோடு. அது காம்பு இழுத்தது. அதன்மேல் பால் வடிந்து காய்ந்திருந்தது.

கீரமங்கலம், வடகாடு, மாங்காடு பக்கத்துக்காரர்களுக்கு இது தெரிந்த கதை. தேங்காய், வாழைத்தார், பூக்கூடை, பலா எல்லாமே காரில் ஏறும் ஊர் அது. 2018 நவம்பரில் கஜா புயல் அங்கே தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. தப்பி நின்ற மரத்தில் காய்த்த பழத்தைப் பிள்ளையைப் போலத் தூக்கி வைப்பார்கள். பழம் அடிபடாமல் பார்த்துக்கொள்ளும் நமக்கு, முள் எதன்மேல் உரசுகிறது என்று பார்க்கத் தோன்றுவதில்லை.

முதலில் பாலை எடுக்க வேண்டும். மண்ணெண்ணெயையோ தின்னரையோ துணியில் தொட்டுத் தேய்க்கத்தான் கை போகும். வேண்டாம். மண்ணெண்ணெய் சிலவகைப் பிளாஸ்டிக்குக்குள் ஊறி அதை உப்ப வைக்கும்; தின்னர் சிலவகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்தே விடும். பலாச்சுளை எடுக்கும்போது கைக்குத் தடவிக்கொள்கிற தேங்காய் எண்ணெய் போதும். தடவிச் சற்று ஊறவிட்டுத் துணியால் உருட்டி எடுத்து, சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டால் பால் போய்விடுகிறது. கோடு அப்படியே நிற்கும்.

அந்தக் கோட்டோடு நான் ஒரு மாதம் அலைந்தேன். ஒரு கடையில் பேனலை முழுசாக மாற்றச் சொன்னார்கள். இன்னொரு கடையில் பாலிஷைத் தடவிப் பளபளவென்று கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கோடுகள் திரும்பின, கூடவே பாலிஷில் ஒட்டிய செம்மண் தூசியும். இந்தப் பாலிஷ்களில் பலவற்றில் இருப்பது சிலிக்கோன் எண்ணெய். கீறலின் நுண்ணிய பள்ளத்தில் எண்ணெய் நிரம்பியிருக்கும் வரை வெண்மை தெரியாது. எண்ணெய் உலர்ந்ததும் தெரியும். அந்த எண்ணெய் மிச்சம் இருக்கிற இடத்தில் பிறகு பெயிண்ட் அடித்தால் பெயிண்ட் கூடி நிற்காமல் சின்னச் சின்னக் குழியாக விலகி ஓடும். அவசரப் பாலிஷ் பின்னால் செய்யப்போகும் நல்ல வேலையையும் கெடுத்துவிடுகிறது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

திருக்கோகர்ணம் பக்கத்தில் ஒரு டிங்கர் பட்டறை. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் கோட்டைப் பார்க்கவே இல்லை. "கழட்டித் திருப்பிப் பாத்தியளா தம்பி? பின்னாடி எழுதியிருக்கும்" என்றார்.

கழற்றினோம். டோர் பேடைக் கழற்றுவதே ஒரு வேலைதான். கைப்பிடிக் குழியில் சின்ன மூடிக்குக் கீழே ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டு இழுத்தால் பேட் உடையும். ஸ்க்ரூக்களை எடுத்த பிறகு கீழ் விளிம்பில் பிளாஸ்டிக் நெம்பியைக் கொடுத்து ஒவ்வொரு கிளிப்பாக 'டப்' என்று விடுவிக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பழைய கீறலோடு புதிய கீறலும் சேரும். இரண்டு கிளிப் உடைந்தே தீரும் என்று பெரியவர் முன்னமே வாங்கி வைத்திருந்தார்.

பேடைத் திருப்பினால், தூசிக்கு நடுவே இரண்டு கூர்க்குறிகளுக்குள் புடைப்பு எழுத்து: பிபி-டிடி20. பிளாஸ்டிக் இன்னதென்று காட்ட உலகம் முழுக்க ஒரே முறையில் பொறிக்கும் அடையாளம் இது. மறுசுழற்சிக்குப் பிரித்தெடுக்க வைத்தது. ரிப்பேர்க்காரருக்கு அதுதான் ஜாதகம். பிபி என்றால் பாலிபுரொப்பிலீன். டிடி20 என்றால் அதில் நூற்றுக்கு இருபது பங்கு டால்க் தூள், முகப் பவுடரில் போடும் அதே கல்மாவு.

வெள்ளைக் கோட்டின் ரகசியமும் அதற்குள்தான் இருக்கிறது. பாலிபுரொப்பிலீன் வெறுமனே இருந்தால் வளையும், வெயிலில் தொய்யும். விறைப்புக்காக டால்க் சேர்க்கிறார்கள். முள் உழுதுகொண்டு போகும்போது மேல்தோல் கிழிந்து இரண்டு பக்கமும் வரப்புபோல் எழும்பும். நுண்ணிய வெடிப்புகள் உண்டாகும், டால்க் துகள் வெளியே தலைகாட்டும், ஒளி அங்கே சிதறும். கறுப்பு நிறம் எங்கும் போய்விடவில்லை. நிறம் பிளாஸ்டிக்கின் உடம்பு முழுக்கக் கலந்தது. தோலைத் திரும்பப் படியவைத்தால் கறுப்பு திரும்பும்.

அம்பாசடர் காலத்தில் இந்தக் கவலை இல்லை. பழைய அம்பாசடரின் டேஷ்போர்டு தகடு; கீறல் விழுந்தால் கதவுக்கு அடித்த பெயிண்டையே அதற்கும் அடித்தார்கள். தகட்டின் இடத்தைப் பின்னால் பிடித்த பாலிபுரொப்பிலீனை இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நாட்டா 1954-ல் தன் ஆய்வகத்தில் உருவாக்கி, அந்தத் துறைப் பணிக்காக 1963-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு நம் ஊர்க் கார்களுக்குள் தகடு மெல்ல மெல்ல மறைந்தது. தகட்டைத் தட்டி எடுக்கும் கைப்பழக்கம் தலைமுறை தலைமுறையாக வந்தது. பிளாஸ்டிக்குக்கு அப்படி ஒரு பழக்கம் இப்போதுதான் பட்டறைகளில் ஊன்றுகிறது. அதனால்தான் 'மாத்திடுங்க' என்ற சொல் இவ்வளவு சுலபமாக வருகிறது என்று நினைக்கிறேன்.

பெரியவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை கழுவி, பாலிஷ் மிச்சம் போக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாக உலரவிட்டார். ஹீட் கன்னை எடுத்து, வெளியே தெரியாத மூலையில் ஒருமுறை பரிசோதித்தார். பிறகு கோட்டின்மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்து, துணிக்கு இஸ்திரி போடுவதுபோல் நிறுத்தாமல் போய் வந்தார். நான்காவது, ஐந்தாவது ஓட்டத்தில் வெள்ளை மங்கிச் சாம்பலாகி, சட்டென்று கறுத்தது. உடனே கன்னை விலக்கிக்கொண்டார். இந்தப் பிளாஸ்டிக் 160 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு உருகிவிடும். கன்னின் வாயில் வரும் காற்று 300-க்கும் மேல். ஒரே இடத்தில் கொஞ்சம் நின்றால் தோல்போன்ற அந்த மேற்பரப்புச் சொரசொரப்பு, பட்டறை மொழியில் கிரெயின், வழுவழுவென்று ஓடிவிடும். கீறலைவிட அந்தப் பளபளப்புத்தான் பிறகு கண்ணை உறுத்தும். கிரெயினை அச்சு வார்ப்பின் இரும்பில் அமிலத்தால் அரித்து உண்டாக்குகிறார்கள். பட்டறையில் அதைக் கையால் வரைய முடியாது. ஆழமாகக் கிழிந்த இடத்துக்கு ஒரு வழி உண்டு. கீறல் இல்லாத பகுதியில் சிலிக்கோன் பசையைப் பூசி உறையவிட்டு உரித்தால், கிரெயின் அதில் பதிந்து வரும். கீறலை நிரப்பி, சூடேற்றி, அந்தப் பதிவை மேலே அழுத்தலாம். பொறுமை வேண்டும். நேரத்துக்குக் கூலி கொடுக்க நமக்கும் மனம் வேண்டும்.

பின்னால் ஏபிஎஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கின் பெயர் எழுதியிருந்தால் கதையே வேறு. கியர் லீவரைச் சுற்றிய கன்சோல், ஏசி துவாரச் சட்டங்களில் இதைப் பார்க்கலாம். 100 டிகிரி தாண்டும்போதே நெளிய ஆரம்பிக்கும். ஹீட் கன்னை அருகில் கொண்டுபோகக் கூடாது. ஆனால் உடைந்தால் ஒட்டுவது எளிது. அதே ஏபிஎஸ் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி விரிசலில் வைத்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். பாலிபுரொப்பிலீனை அசிட்டோன் ஒன்றும் செய்யாது. சாதாரணப் பசையும் பிடிக்காது. அதற்குச் சூடான காற்றில் பிளாஸ்டிக் வெல்டிங்தான். காயலான் கடையில் கிடைக்கும் உடைந்த பம்பரை ரிப்பனாக அறுத்து வெல்டிங் குச்சியாக வைத்திருந்தார் பெரியவர். பெயிண்டிலும் இதே வித்தியாசம். ஏபிஎஸ்ஸில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும். பாலிபுரொப்பிலீனுக்கு முதலில் பிளாஸ்டிக் பிரைமர் அடிக்காவிட்டால், ஆறு மாதத்தில் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல்போல் உரிந்து வரும். உலர்ந்த பெயிண்டில் பிளேடால் கட்டம் கீறி, டேப் ஒட்டி இழுத்துப் பார்த்துத்தான் வண்டியை வெளியே விடுவதாகச் சொன்னார்.

சில கார்களில் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுக்கும். அது கீறலோ அழுக்கோ இல்லை. தொட மெத்தென்று இருக்க அடித்த பாலியூரித்தேன் பூச்சு, ஈரக்காற்றிலும் வெக்கையிலும் சிதைந்த நிலை. நம் ஊர் வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரியை எட்டிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அந்தப் பூச்சை முழுதும் துடைத்து எடுத்துவிடுவதே வழி.

ஒரு இடத்தில் மட்டும் ரிப்பேர் பேச்சே கூடாது. ஏர்பேக். 2019 ஜூலையிலிருந்து ஓட்டுநர் பக்கமும், 2021 ஏப்ரலிலிருந்து புதிய மாடல்களில் முன்பயணி பக்கமும் ஏர்பேக் கட்டாயம். டேஷ்போர்டில் ஏர்பேக் என்ற எழுத்து இருக்கும் பகுதி குறிப்பிட்ட கோட்டில் கிழிந்து திறக்குமாறு உள்பக்கம் மெலிதாக்கப்பட்டது. அங்கே பட்டி வைத்து நிரப்பினாலோ, சூடேற்றினாலோ, ஸ்டிக்கர் சுற்றினாலோ விபத்து நேரத்தில் அது சரியாகத் திறக்காமல் போகலாம். பக்கத் திரை ஏர்பேக் உள்ள கார்களில் ஜன்னல் தூண்களின் உறையும் அப்படியே. கீறலோடு விடுங்கள், அல்லது கம்பெனிப் பொருளையே வாங்கி மாற்றுங்கள். அந்தப் பக்கம் கை வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சில நிமிடமாவது காத்திருப்பதும் அவசியம்.

பின்பக்கத்துக் கிளிப் தூண்கள் முறிந்திருந்தாலோ, பேனல் நெளிந்திருந்தாலோ மாற்றுவதே சரி. அப்போது மாடல், வருடம், நிறம் மூன்றும் பொருந்த வேண்டும். கறுப்பு கிடைத்துவிடும், பீஜ் நிறம் ஆளை அலைய வைக்கும். வெயிலில் பழுத்த பழைய பீஜுக்குப் பக்கத்தில் புது பீஜ் ஒட்டாமல் நிற்கும். அந்த நேரத்தில் சென்னை புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில், அதே அளவு வெயில் பார்த்த பேனலைத் தேடுவது புத்திசாலித்தனம். உற்பத்தி நின்ற கார்களுக்கு இது இன்னும் பொருந்தும். மறைமலை நகரில் கார் செய்த ஃபோர்டு, இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்தபோதே, உதிரிபாகமும் சர்வீஸும் தொடரும் என்று சொல்லியிருந்தது. இருந்தாலும், எந்த மாடலிலும் புதிய வார்ப்பு நின்றுவிட்டால், இருக்கிற உள்பாகத்தைக் காப்பாற்றித்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

என் டிக்கியின் மெல்லிய கோடுகள் எல்லாம் போய்விட்டன. டோர் பேடில் காம்பு இழுத்த கோட்டில் மட்டும் அடி ஆழம் மிச்சம். வெண்மை போய், விரலால் தடவினால் மட்டும் தெரிகிறது. அதை நிரப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் அண்ணே, இருக்கட்டும் என்றேன். பேடை மாட்டும் முன் பின்பக்கத்து எழுத்துகளை அவருடைய சிவப்பு நோட்டில் எழுதிக்கொண்டார். வண்டியின் மாடல், எந்தப் பாகம், என்ன பிளாஸ்டிக், எத்தனை ஓட்டத்தில் கறுத்தது. பக்கம் பக்கமாக இருந்தது அந்த நோட்டு.

இந்த வைகாசியில் மறுபடி வடகாடு போனோம். டிக்கியில் நெல் சாக்கு இரண்டு விரித்து, ஓரத்தில் ஒன்றை நிமிர்த்தி வைத்து, காம்பை உள்பக்கம் திருப்பித்தான் பழத்தை ஏற்றினோம்.