ஒற்றும் நேர்முகமும்: தொழிலாளியின் அகம் அறியும் நூல்கள் பற்றிய சில சிந்தனைகள்

ஒற்றாடலையும் தொழிலுக்கு ஆள் தெரிதலையும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற துறைகளாகக் கருதுவதே பொதுவழக்கம். முன்னையது அரச இரகசியங்களுக்கும் துப்பறியும் கதைகளுக்கும் உரியது; பின்னையது மேசையொன்றின் இருபுறத்திலும் பகல் வெளிச்சத்தில் நிகழ்வது. ஆயின், கடந்த நூறாண்டு காலத்தில் இவ்விரு பொருள்கள் குறித்தும் வெளிவந்த புனைகதை சாராத நூல்கள் சிலவற்றை ஒருசேர வைத்து நோக்கும்பொழுது, அவை யாவும் ஒரே வினாவைச் சுற்றியே அமைந்துள்ளமை புலனாகும். பிறனொருவனின் உள்ளத்தில் இருப்பதை அவன் அறியாமலே அறிந்துகொள்வது எவ்வாறு? அவ்வாறு அறியும் அதிகாரம் எவருக்கு உரியது? இவ்வினாவின் வர்க்க அடிப்படையை அந்நூல்களின் துணைகொண்டு விளக்க முயல்வதே நமது நோக்கமாகும்.

தமிழ் மாணவருக்கு இவ்வினா முற்றிலும் புதியதன்று. திருக்குறளின் பொருட்பாலில் 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். அதிகார வைப்பில் இவை எட்டு அதிகாரங்கள் தள்ளி நிற்பினும், தெரிந்து தெளிதலின் முதற் குறளுக்குப் பரிமேலழகர் கூறும் உரை இரண்டையும் இணைத்துவிடுகின்றது. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கு உபதைகளால் அமைச்சரைச் சோதித்தல் என்பது, ஒருவரை ஏவி அவர்முன் பொய்யான சூழலொன்றை அமைத்துப் பார்த்தலேயாகும். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் இதனை விரிவாகவே பேசுகின்றது. சேனாபதி பதவிநீக்கம் செய்யப்பட்டவர்போல் நடிப்பார். அவருடைய ஆட்கள் அமைச்சர்களைத் தனித்தனியே அணுகி, அரசனை வீழ்த்தினால் பெரும்பொருள் கிட்டுமென ஆசைகாட்டுவர். மறுத்தவர் தூயவர். பொருட்சோதனையில் தேறியவருக்கு வருவாய்த்துறையும், அறச்சோதனையில் தேறியவருக்கு நீதித்துறையும் உரியனவாகும். வழமைக்கு மாறான நேர்முகப் பரீட்சை என்று இன்று கூறத்தக்க யாவற்றின் முன்வடிவமும் இதுவே. இத்தகைய சோதனை, நஞ்சு நீரைக் கெடுப்பதுபோலத் தூய உள்ளத்தையும் கெடுத்துவிடக் கூடாதெனக் கௌடிலியரே எச்சரிப்பது மனங்கொளத்தக்கது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது. நிலமானிய அரசு அமைச்சனின் உள்ளத்தைச் சோதித்ததேயன்றி உழவனின் உள்ளத்தைச் சோதிக்கவில்லை. உழவனிடமிருந்து அதற்கு வேண்டியிருந்தது விளைச்சலின் பங்கு மாத்திரமே. அவன் என்ன நினைத்தான் என்பது கிளர்ச்சி மூளும்வரை பொருட்படுத்தப்படவில்லை. முதலாளித்துவத்தின் நிலை வேறு. அது வாங்குவது முடிந்த பொருளையன்று, உழைக்கும் ஆற்றலை. விற்றவனின் உடலிலும் மனத்திலும் குடிகொண்டிருக்கும் அவ்வாற்றல் எவ்வளவு வெளிப்படும் என்பது அவன் இணங்குவதைப் பொறுத்தது. எனவே வாங்குபவன் விற்பவனின் அகத்தை அறிய விழைகின்றான். சந்தையில் சரிநிகரானவராய்த் தோன்றிய இருவர் உற்பத்திக்கூடத்தின் வாயிலைக் கடந்ததும் முதலாளியாகவும் தொழிலாளியாகவும் முகம் மாறுவதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற்பாகத்திலே காட்டினார். நேர்முகப் பரீட்சை நடைபெறுவது அவ்வாயிற்படியிலேயே. ஒற்றன் நடமாடுவது அதற்கு உட்புறத்தில்.

இவ்வுட்புறத்தை வெளிப்படுத்திய முக்கிய நூல்களுள் ஒன்று அமெரிக்க மார்க்சியரான லியோ ஹியூபர்மன் 1937இல் வெளியிட்ட தொழிலாளர் உளவு வாணிகம் பற்றிய நூலாகும். 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழில் உறவுச் சட்டம் சங்கம் அமைக்கும் உரிமையை உறுதிசெய்திருந்த காலம் அது. 1936இல் செனற்றர் லா ஃபொலற்றின் தலைமையில் அமைந்த செனற் துணைக்குழு, பெருநிறுவனங்கள் துப்பறியும் நிலையங்களுக்குப் பணம் கொட்டி அவ்வுரிமையை உள்ளிருந்தே அறுத்துவந்தமையை அம்பலப்படுத்திற்று. 1934 தொடக்கம் 1936 நடுப்பகுதி வரை ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் மாத்திரம் இதற்கென ஏறத்தாழ 10 இலட்சம் டொலர் செலவிட்டிருந்தது. அக்குழுமுன் அளிக்கப்பட்ட சாட்சியங்களே ஹியூபர்மனின் மூலப்பொருள்.

அந்நூலில் நமது கவனத்தை ஈர்ப்பது தொழிலாளியைத் தூண்டிலிற் சிக்கவைக்கும் முறையாகும். கடன்பட்ட அல்லது நோயாளியை வீட்டில் வைத்திருக்கும் தொழிலாளி ஒருவனை அந்நியன் ஒருவன் அணுகுகின்றான். தொழிற்சாலை எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைப் பங்குதாரர் சிலர் அறிய விரும்புவதாகவும், சிறுகுறிப்பு எழுதித் தந்தால் மாதாந்தம் ஒரு தொகை கிடைக்குமென்றும் கூறுகின்றான். குறிப்பும் பற்றுச்சீட்டும் கைமாறுகின்றன. பின்னர் மெல்ல மெல்லச் சங்கக் கூட்டங்கள் பற்றிய வினாக்கள் எழுகின்றன. தான் சக தொழிலாளரைக் காட்டிக்கொடுப்பவனாகிவிட்டதை அவன் உணரும்பொழுது, அவன் கையெழுத்திட்ட பற்றுச்சீட்டுகள் எதிர்த்தரப்பின் பெட்டகத்தில் இருக்கும். தனக்கு நேர்முகப் பரீட்சை நடந்ததென்றோ, எத்தொழிலுக்குத் தெரிவு செய்யப்பட்டான் என்றோ அறியாத ஒருவனின் அவலம் இது. துரோகியென ஒருவனைத் தனிமைப்படுத்தி இகழ்வதோடு நில்லாது, வறுமை எவ்வாறு துரோகத்தை உற்பத்தி செய்கின்றது என்று காட்டுவதே இந்நூலின் வலிமை.

இரண்டாம் உலகயுத்தம் இவ்விரு நுட்பங்களையும் விஞ்ஞானத்தின் பெயரால் ஒன்றுகூட்டிற்று. ஐக்கிய அமெரிக்காவின் யுத்தகால உளவு நிறுவனமாகிய மூலோபாய சேவைகள் அலுவலகம், தனது ஆட்களைத் தெரிவதற்கு ஹாவார்ட் உளவியலாளர் ஹென்றி மறே முதலானோரின் துணையை நாடியது. யேர்மன் இராணுவத்தில் தோன்றிப் பிரித்தானிய இராணுவத் தெரிவுச் சபைகளின் வழியாக வந்த முறை அது. வேர்ஜீனியாவிலுள்ள பண்ணை மாளிகையொன்றில் மூன்று நாட்கள் பொய்ப்பெயருடனும் பொய்யான வாழ்க்கை வரலாற்றுடனும் விண்ணப்பகாரர் தங்கியிருத்தல் வேண்டும். பல நிலையங்களிலும் சோதிக்கப்பட்டோர் தொகை 5,391. 1948இல் அவ்வுளவியலாளர் கூட்டாக வெளியிட்ட ‘மனிதரை மதிப்பிடல்’ என்னும் பொருள்படும் நூல் இவற்றை விவரிக்கின்றது.

அவற்றுள் ஒன்று மரக்கட்டைகளாற் சட்டகமொன்றைப் 10 நிமிடத்திற் கட்டுவித்தல். உதவிக்கென இருவர் வருவர். ஒருவன் சோம்பேறி, மற்றவன் எதற்கும் குற்றங்கூறுபவன். இருவரும் பரிசோதகரின் ஆட்கள் என்பதும், வேலையைக் கெடுப்பதே அவர்தம் கடமை என்பதும் விண்ணப்பகாரனுக்குத் தெரியா. குறித்த நேரத்தில் எவரும் அதனைக் கட்டி முடிக்கவில்லை. முடிக்கவேண்டும் என்பதும் நோக்கமன்று. பிறிதொரு சோதனையில், அரச காரியாலயமொன்றில் இரவிலே இரகசியக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பிடிபட்டதாகக் கற்பனைசெய்து, 12 நிமிடத்தில் அதற்கொரு சமாதானம் புனைதல் வேண்டும். கூசும் விளக்கொளியில் விசாரணை நிகழும். என்ன கூறினும் இறுதியில் அவன் தோற்றுவிட்டதாகவே அறிவிக்கப்படும். அதன்பின் அன்பாகப் பேசும் அதிகாரி ஒருவர் அவனை அமரவைத்து ஆறுதல் கூறுவார். உண்மையான சோதனை ஆரம்பமாவது அப்பொழுதுதான். மனம் இளகித் தன் மெய்யான வரலாற்றைக் கூறிவிடுகின்றானா என்பதே அங்கு கவனிக்கப்படும். தாம் தெரிந்தெடுத்தவர்கள் களத்தில் எவ்வாறு செயற்பட்டனர் என்பதை முன்கூட்டியே கணிப்பதில் தமக்குக் கிட்டிய வெற்றி மிகக் குறைந்ததே என அந்நூலாசிரியர்கள் ஒப்புக்கொண்டமை அவர்தம் நேர்மைக்குச் சான்றாகும்.

பாசிசத்துக்கு எதிரான யுத்தத்தில் எதிரியின் கையில் அகப்படக்கூடிய ஒருவனை இவ்வாறு சோதித்தமைக்கு நியாயம் கூறலாம். யுத்தம் முடிந்தபின் நிகழ்ந்ததே சிந்தனைக்குரியது. 1956இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமாகிய ஏ.ரி. அன்ட் ரி. தனது முகாமையாளரை இம்முறையைத் தழுவி மதிப்பிடத் தொடங்கிற்று. பின்னர் அது நிறுவன உலகெங்கும் பரவிற்று. ஒற்றனுக்குரிய பரீட்சை எழுதுவினைஞனுக்கு வந்தது. நூலாசிரியர்களின் தயக்கத்தை நிறுவனங்கள் விட்டுவிட்டன; நுட்பத்தை எடுத்துக்கொண்டன.

அதே 1956ஆம் ஆண்டில் வில்லியம் எச். வைற் வெளியிட்ட ‘நிறுவன மனிதன்’ இதற்கெதிராக உள்ளிருந்தே எழுந்த குரல். ‘போர்ச்சூன்’ என்னும் முதலாளிகளின் சஞ்சிகையில் பணியாற்றிய வைற் மார்க்சியர் அல்லர். எனினும் நிறுவனத் தலைவர்கள் சிலரையே ஆளுமைச் சோதனைக்கு உட்படுத்தி, அவர்களுள் ஒருவர்தானும் விரும்பத்தக்க வரம்புக்குள் முழுமையாக அடங்கவில்லை என்று காட்டினார். நூலின் பின்னிணைப்போ அச்சோதனைகளில் ஏமாற்றும் வழிகளைக் கற்பிப்பது. மிகச் சாதாரணமான விடையைத் தேர்ந்தெடு என்பதே அவ்வுபதேசத்தின் சாரம். வைற்றின் எல்லையும் இங்கேயே தெரிகின்றது. தனிமனிதன் தன்னை மறைத்துக்கொள்ள வழி கூறினாரேயன்றி, பலர் ஒன்றுசேர்ந்து மறுப்பதற்கு வழி கூறினாரல்லர்.

இதற்கு மறுதலையாக, ஒற்றின் கருவியையே கீழிருந்து மேல்நோக்கித் திருப்பிய நூல்வகை ஒன்று உண்டு. 1983இல் யேர்மன் எழுத்தாளர் கூன்ரர் வால்ராவ், அலி என்னும் துருக்கியத் தொழிலாளியாக மாறுவேடம் பூண்டு, டூயிஸ்பேர்க்கின் தைசன் உருக்காலை உள்ளிட்ட இடங்களிலே ஒப்பந்தக் கூலியாக வேலைசெய்தார். 1985இல் வெளிவந்த ‘மிக அடியில்’ என்னும் அவரது நூல் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. அதன் இறுதிப்பகுதி நமது பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. வால்ராவின் நண்பர்கள் அணுமின் நிலையப் பிரதிநிதிகளாக நடித்து, ஆள்பிடிக்கும் ஒப்பந்தகாரனைச் சந்திக்கின்றனர். கதிர்வீச்சு அபாயமுள்ள வேலைக்கு, நோயின் அறிகுறி தோன்றுமுன் நாட்டைவிட்டு வெளியேறிவிடக்கூடிய துருக்கியர் தேவை என்கின்றனர். ஒப்பந்தகாரன் பேரம் பேசி இணங்குகின்றான். இங்கு நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றியவன் தொழிலாளி அல்லன், முதலாளி. கௌடிலியரின் பொருளுபதை தலைகீழாக நிற்கின்றது.

பார்பரா எரென்றைக் 2001இல் வெளியிட்ட நூலும் இவ்வகையினதே. பரிசாரகியாகவும் வீடு துப்புரவாக்குபவராகவும் வேலைபார்த்த அவர், மினசோட்டாவில் வால்மாட் கடையில் மணிக்கு 7 டொலர் கூலிக்குச் சேருமுன் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் ஆளுமை வினாக்கொத்துக்கும் உட்படவேண்டியிருந்தது. விதிகளை அட்சரம் பிசகாது பின்பற்றவேண்டும் என்னும் கூற்றுக்கு அவர் போதிய அளவு அழுத்தமாக உடன்படவில்லை என்பதுங்கூட அங்கு குறையாகக் கருதப்பட்டது. இவ்வினாக்கள் தொழிலாளியைப் பற்றி நிறுவனத்துக்கு அறிவிப்பதைவிட, உன்னிடம் எம்மிலிருந்து மறைக்கத்தக்கது எதுவுமில்லை என்று தொழிலாளிக்கே அறிவிப்பன என்ற அவரது முடிவு ஆழமானது.

இந்நூல்களின் குறைபாட்டையும் நாம் கூறுதல் வேண்டும். மாறுவேடம் பூண்டவர் அதனைக் களைந்துவிட்டுத் தம் வீடு திரும்பலாம். அலிக்கும் பரிசாரகிக்கும் திரும்புவதற்கு வேறு வீடு இல்லை. தொழிலாளியின் துயரம் நடுத்தர வர்க்க எழுத்தாளரின் வாயினால் உரைக்கப்பட்டாலே நம்பப்படும் என்பது அவ்வெழுத்தாளரின் குற்றமன்றெனினும், அச்சமுதாயத்தின் குற்றம். தொழிலாளரே எழுதும் எழுத்தும், அதனைத் தாங்கும் சங்கமும் இல்லாதவிடத்து, இத்தகைய நூல் கழிவிரக்கத்தோடு நின்றுவிடும்.

இவை பழங்கதைகள் அல்ல. 2009இல் பிரித்தானியத் தகவல் ஆணையாளர் அலுவலகம் நடத்திய சோதனையிலே, கட்டட நிறுவனங்களுக்கென இரகசியமாக வைக்கப்பட்டிருந்த 3,213 பேரின் பெயர்ப்பட்டியல் கைப்பற்றப்பட்டது. பாதுகாப்புக் குறைபாட்டைச் சுட்டியமைகூட ஒருவரின் பெயர் அதில் ஏறப் போதுமானதாயிருந்தது. அத்தகையோர் நேர்முகத்தில் எவ்வளவு திறமையாக விடையிறுத்தும் பயனில்லை. தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டிருந்தது. ஒற்றும் நேர்முகமும் ஒன்றே எனும் நமது கருத்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நமது மாணவர் பட்டம் பெற்று வெளியேறியதும் அமரப்போவது அம்மேசையின் மறுபுறத்திலேயே. அங்கு தம்மைப் பற்றி வினவப்படுவனவற்றுள் எவை வேலைக்குத் தேவையானவை, எவை கீழ்ப்படிவை அளப்பவை எனப் பிரித்தறியும் ஆற்றலை இந்நூல்கள் அளிக்கின்றன. தெரிந்து தெளிதல் அரசனுக்கும் முதலாளிக்கும் மாத்திரம் உரிய கலையன்று. உழைப்பவர் தம்மை வேலைகொள்வோரைக் கூட்டாகத் தெரிந்து தெளியும் காலத்திலேயே அவ்வதிகாரம் முழுமை பெறும்.