பழைய வாகனக் கண்ணாடியை வெட்டலாமா?

2009இல் யுத்தம் முடிந்தபின் முள்ளிவாய்க்கால் பக்கம் குவிந்து கிடந்த வாகனங்களைப் பலரும் மறந்திருக்கமாட்டீர்கள். அப்படியான வானொன்றின் பக்கக் கண்ணாடியைக் கணவரின் படத்துக்குச் சட்டமிட வெட்டலாமா என்று, குடும்பத்தைத் தனியே தாங்கும் அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார்.

வெட்ட முடியாது. அதை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சடுதியாகக் குளிர்விக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுக, உட்பகுதி பின்னர் சுருங்கப் பார்க்கும். அந்த இழுவை உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். கீறி முறித்தால் முழுத்தகடும் கல்லுப்புப் போல உதிரும்.

இழுவையைத் தளர்த்தவும் வழியுண்டு. சுமார் 550 பாகையில் சற்றுநேரம் வைத்து, மெல்ல மெல்ல ஆறவிட்டால் சாதாரணக் கண்ணாடியாகிவிடும். ஆனால் வெப்பத்தை அளந்து அடக்கும் உலை வேண்டும். வீட்டடுப்பிலோ செங்கற்சூளையிலோ முயலாதீர்கள். ஒருபக்கம் மட்டும் சூடேறினால் வெடித்துவிடும். ஒரு படத்துக்காக உலை எரிப்பது கட்டுப்படியாகாது என்பதே என் எண்ணம்.

முன்கண்ணாடி வேறு சாதி. இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்ரிக் தாள் ஒட்டியது. வெட்டலாம், ஆனால் வளைவானது, படத்துக்கு உதவாது. பழைய யன்னல், அலுமாரிக் கண்ணாடிதான் நல்லது. மூலையில் முத்திரை பதிந்திருந்தால் பெரும்பாலும் இறுக்கிய கண்ணாடி, விட்டுவிடுங்கள்.

பற்றைக்குள் கிடக்கும் வாகனங்களை நெருங்கவே வேண்டாம், வெடிபொருள் இருக்கலாம். வெட்டும்போது செருப்பும் தடித்த கையுறையும் போடுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.