வாஷிங் மெஷின் வாங்கினால் போதுமா? பராமரிக்க வேண்டாமா?



கிணற்றடியிலும் வாய்க்கால் கரையிலும் கல்லில் அடித்துத் துவைத்து இடுப்பு நொந்த காலம் மாறி வருகிறது. நம் உறுப்பினர்கள் பலர் வீட்டில் இன்று வாஷிங் மெஷின் இருக்கிறது. சிலர் குழுக் கடனில் வாங்கினோம், சிலர் சீட்டுப் பணத்தில் வாங்கினோம், சிலர் கடையில் மாதத் தவணை கட்டி வருகிறோம். மெஷின் மிச்சம் பிடித்துத் தருகிற நேரத்தில்தான் தையல் வேலை பார்க்கிறோம், ஆடு மாட்டைக் கவனிக்கிறோம், குழுக் கூட்டத்துக்கும் வருகிறோம். தவணை முடியும் முன்பே மெஷின் மூலையில் உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? கடனையும் கட்ட வேண்டும், கையாலும் துவைக்க வேண்டும்.

"துணியைச் சுத்தம் பண்றதே அந்த மெஷின்தான். அதை எதுக்குத் தனியா சுத்தம் பண்ணணும்?" என்று சிலர் கேட்பதுண்டு. காரணத்தைப் பார்ப்போம்.

மெஷின் ஏன் கெடுகிறது?

முதல் காரணம் நம் ஊர்த் தண்ணீர். போர் தண்ணியில் கால்சியம், மக்னீசியம் போன்ற உப்புகள் கலந்திருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அது இந்த உப்புதான். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி, ஒரு லிட்டரில் தண்ணீரின் கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்றுக்கொள்ளலாம். சில ஊர்களில் போர் தண்ணி இதையும் தாண்டும்.

உப்புத் தண்ணியில் நுரை வராது. நுரை வரவில்லையே என்று இன்னும் ஒரு கை சோப்புத் தூளைப் போடுகிறோம். இதுதான் இரண்டாவது காரணம். அதிகத் தூள் முழுதாகக் கரையாது. உப்பும் சோப்பும் நூலும் முடியும் மண்ணும் சேர்ந்து, நம் கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். துவைத்த துணியில் வாடை, வெள்ளைத் துணியில் சாம்பல் திட்டு, தண்ணீர் வடியத் தாமதம் எல்லாம் இதனால் வருபவையே.

ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியவை (10 நிமிடம் போதும்)

நம்மில் பலர் வைத்திருப்பது இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக் மெஷின். அதற்கான முறை இது:

1. துணி போடும் முன் பையைத் தடவிப் பாருங்கள். காசு, ஊக்கு, பீடி, தீப்பெட்டி எல்லாம் அதில்தான் இருக்கும். ஒரு ஊக்கு போதும், சுழலும் தட்டின் அடியில் மாட்டிக்கொள்ள.

2. வயல் வேலைத் துணியை முதலில் உதறி, ஒரு முறை அலசி மண்ணைப் போக்கிவிட்டுப் போடுங்கள்.

3. வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்து, ஈரமில்லாத கையால் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகுதான் மற்ற வேலை.

4. வாஷர் தொட்டியில் உள்ள பஞ்சு வலையைக் கழற்றி, உள்புறத்தை வெளியே திருப்பிக் கழுவி மாட்டுங்கள்.

5. தண்ணீர் முழுவதும் வடிந்ததா என்று பார்த்து, தொட்டியைத் துணியால் துடையுங்கள். ஈரம் உலரும் வரை மூடியைத் திறந்தே வையுங்கள். மூடி வைத்தால் பூஞ்சை பிடித்து வாடை வரும்.

மாதம் ஒரு முறை "குளியல்"

காலி வாஷர் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்புங்கள். கை பொறுக்கும் சூடு போதும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் பிளாஸ்டிக் தொட்டி நெளிந்துவிடும். அதில் சுமார் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் தூளைக் கரையுங்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் தருவார்கள். 5 நிமிடம் ஓடவிட்டு, அரை மணி நேரம் ஊறவிட்டு, மறுபடியும் 5 நிமிடம் ஓடவிட்டு வடித்துவிடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். புளிப்பு உப்புக்கறையைக் கரைக்கும். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதே கதைதான். ராத்திரி முழுக்க ஊற வைக்க வேண்டாம், இரும்புப் பாகங்களை அரிக்கும்.

தண்ணீர் வரும் குழாய் மாட்டும் இடத்தில் சின்ன வலை இருந்தால் அதையும் எடுத்துப் பழைய பல் பிரஷால் தேயுங்கள். முன்பக்கம் கதவு உள்ள மெஷின் என்றால், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்பைத் துடைத்து, கீழே உள்ள வடிகட்டியையும் சுத்தம் செய்யுங்கள்.

முக்கிய எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரையும் எலுமிச்சை உப்பு, வினிகர், ஆசிட் இவற்றையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும். மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

கரண்ட் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்

தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக இருக்கும் பொருள் இது. எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். எர்த் பின்னை ஒடித்துவிட்டுச் செருகுவது உயிரோடு விளையாடுவது. மெஷினைத் தொட்டால் சுரீர் என்கிறதா? அன்றோடு நிறுத்திவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். மின்கசிவு 30 மில்லிஆம்பியரை எட்டும் முன் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவியை வீட்டில் பொருத்துவது நல்லது.

டிரையர் மூடியைத் திறந்ததும் தொட்டி 15 வினாடிக்குள் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் பிரேக் பழுது. சுற்றும் தொட்டியில் பிள்ளைகள் கை விட்டால் விரல் போய்விடும். சரிசெய்யும் வரை டிரையரைப் பயன்படுத்தாதீர்கள்.

மெஷினை வெயிலும் மழையும் படாத இடத்தில், ஸ்டாண்டு மேல் வையுங்கள். அடியில் எலி புகுந்து வயரைக் கடிக்காமல் இருக்க வலை அடியுங்கள்.

பில்லைப் பத்திரமாக வையுங்கள்

வாங்கிய பில்லையும் வாரண்டி அட்டையையும் கடன் பாஸ்புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். வாரண்டி காலத்தில் வெளி மெக்கானிக்கை வைத்துப் பிரித்தால் வாரண்டி போய்விடலாம். கம்பெனிக்குச் சொல்லியும் ஆள் வரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. துவைப்பது போலவே மெஷினைக் கழுவுவதும் பெண் வேலை என்று ஆகிவிடக் கூடாது. பஞ்சு வலையைக் கழுவ வீட்டு ஆண்களுக்கும் பையன்களுக்கும் கற்றுக் கொடுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். யார் வீட்டில் எர்த் இல்லை என்று அன்றே கணக்கெடுங்கள். ஐந்தாறு வீட்டுக்குச் சேர்த்து ஒரே நாளில் வயர்மேனை வரவழைத்தால் கூலியும் குறையும், எல்லார் வீட்டுக்கும் பாதுகாப்பும் கிடைக்கும்.