பழைய இரும்பும் புதிய வர்ணமும்



பழுதாகிப் போன ஏதேனும் ஒரு பொருள் மூலையில் முடங்கிக் கிடக்காத இல்லம் நம்மிடையே உண்டா? ஓடாத தையல் இயந்திரம், சுழலாத மின்விசிறி, அரைக்காத கிரைண்டர்! "பழைய இரும்புக்காரனிடம் போட்டு விட்டுப் புதிதாய் ஒன்று வாங்கி விடலாம்" என்பதுதான் நம் நாவில் முதலில் வரும் சொல். அது இன்னும் பத்தாண்டு உழைக்குமா என்று எண்ணிப் பார்க்கும் பொறுமை நமக்கு இருப்பதில்லை.

கடந்த குளிர்காலத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் என் மகன் இல்லத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். கார் நிறுத்தும் கொட்டகையில் துருவேறிய சிறு டிராக்டர் ஒன்று நின்றது. வயது ஏறத்தாழ ஐம்பது. அறுநூறு டாலருக்கு அதை வாங்கிப் போட்டிருந்தான் மகன். "சீராக்கி விற்போம் வாப்பா. வருகிற லாபத்தை நம் ஊர் மதரஸாவின் கூரைக்கு அனுப்பி விடுவோம்" என்று நிய்யத்தும் வைத்திருந்தான். அந்த இரும்போடு நாங்கள் பட்ட பாட்டையும், அது எனக்குக் கற்பித்த பாடத்தையும் உங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

தோட்டத்து டிராக்டர்

நம் வயல்களில் உழும் டிராக்டருக்கு இதைத் தம்பி எனலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நகரங்களின் ஓரங்களில் பரந்த நிலத்தோடு கூடிய வீடுகள் பெருகின. புல் வெட்டவும், காய்கறிப் பாத்தி உழவும், பனி தள்ளவும் சிறியதோர் இயந்திரம் தேவைப்பட்டது. 1946-இல் இந்தியானா மாநிலத்தில் சிசில் பாண்ட் என்பவர் 'வீல் ஹார்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். 1963-இல் 'ஜான் டீர்' நிறுவனம் தன் 110 என்னும் வகையை வெளியிட்டது. விஸ்கான்சினின் ரஸீன் நகரைச் சேர்ந்த 'கேஸ்' நிறுவனம், 1964-இல் 'கோல்ட்' என்ற சிறு நிறுவனத்தை விலைக்கு வாங்கி இத்துறையில் நுழைந்தது. எங்களிடம் இருந்தது அந்தக் கேஸ் நிறுவனத்தின் 444 வகை. இதன் இயந்திரமும் அதே மாநிலத்துக் 'கோலர்' நிறுவனம் செய்ததே. ஒற்றைச் சிலிண்டர், பதினான்கு குதிரைத் திறன்.

நம் ஊர்ச் சாலைகளில் ஜேசிபி மண் அள்ளுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதைப் போலவே இதன் முன்புறத்திலும் இரண்டு இரும்புக் கரங்களும், அவற்றின் முனையில் ஒரு பக்கெட்டும் பொருத்தப்பட்டிருந்தன. லோடர் என்பது இதன் பெயர். மண், சரளை, எரு, பனி எதையும் அள்ளித் தூக்கும். தூக்கும் எடை சில நூறு பவுண்டுதான் என்றாலும், மண்வெட்டி பிடித்துக் குனிந்து நிமிரும் முதுகுக்கு அதுவே பெரும் நிஃமத்து!

இந்த வகை டிராக்டருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. சக்கரத்தை ஓட்ட இதில் பெல்ட்டும் இல்லை, கிளட்சும் இல்லை. இயந்திரம் ஒரு பம்பைச் சுழற்றும். பம்ப் எண்ணெயை அழுத்தத்தோடு தள்ளும். அந்த எண்ணெய் வால்வின் வழியாகச் சென்று, பின்புறத்தில் உள்ள ஹைட்ராலிக் மோட்டாரைச் சுழற்ற, சக்கரம் உருளும். லோடரின் கரங்களை உயர்த்துவதும் அதே எண்ணெய்தான். ஆகவே பம்ப் தளர்ந்தால் ஓட்டமும் இல்லை, தூக்குதலும் இல்லை.

பொறுமையே முதற்கருவி

எந்தப் பழைய இயந்திரத்தையும் பிரிப்பதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு பகுதியையும் புகைப்படம் எடுத்து வையுங்கள். எந்தக் குழாய் எங்கே போயிற்று, எந்த போல்ட் எந்தத் துளையில் இருந்தது என்பதெல்லாம் பத்து நாளில் மறந்து போகும். என் மகன் நாள்தோறும் படம் எடுத்தான். அப்படங்கள் பின்னர் வேறொரு விதத்திலும் பயன்பட்டன. அதைப் பிறகு சொல்கிறேன்.

துருப்பிடித்த போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் தலை முறிந்து விடும். துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஓரிரவு ஊற விட்டு, மறுநாள் சூடு காட்டித் திருக வேண்டும். சிறு பாகங்களின் துருவைப் போக்க, சலவைச் சோடா கரைத்த நீரில் அவற்றை மூழ்க வைத்து, பாட்டரி சார்ஜரின் எதிர்முனையை அப்பாகத்திலும், நேர்முனையை ஒரு வேண்டாத இரும்புத் துண்டிலும் இணைத்தோம். சில மணி நேரத்தில் துரு கறுத்து உதிர்ந்து விடும். ஆனால் நேர்முனையில் எவர்சில்வர் துண்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. நச்சு உப்புகள் உண்டாகும். ஹைட்ரஜன் வாயுவும் வெளிப்படுவதால் இவ்வேலையைத் திறந்த வெளியில், நெருப்புக்குத் தொலைவில்தான் செய்ய வேண்டும்.

அடுத்தது இயந்திரம். இதில் எண்ணெயை அழுத்தித் தரும் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் நாக்கைப் போன்ற ஒரு பகுதி உண்டு. அது எண்ணெயைத் துழாவி எல்லாப் பக்கமும் தெறிக்க விடும். எண்ணெய் குறைந்தாலோ, செங்குத்தான சரிவில் நெடுநேரம் ஓட்டினாலோ தெறிப்பு குன்றும், ராடு முறியும். இவ்வகை இயந்திரங்கள் பல இப்படித்தான் சாகின்றன. முதலில் இதன் அழுத்தத்தை அளந்தபோது அளவு குறைவாகக் காட்டவே நாங்கள் மனம் தளர்ந்தோம். பிறகுதான் தெரிந்தது, தொடங்கும்போது சுலபமாகச் சுழல்வதற்காக வெளியேற்று வால்வைச் சற்றே திறந்து வைக்கும் அமைப்பு இதனுள் இருக்கிறதென்று! பறக்கும் சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுழற்றிப் பார்த்தோம். அது வேகமாகத் துள்ளித் திரும்பியது. சிலிண்டர் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அரைகுறை அறிவோடு தீர்ப்புச் சொல்லி விடக் கூடாது என்பது அன்று நான் கற்ற பாடம்.

கார்புரேட்டரைக் கழுவி, பாயிண்டின் இடைவெளியை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்காகச் சரி செய்து, புதிய பிளக்கைப் பூட்டிக் கயிற்றை இழுக்காமல் சாவியைத் திருப்பிய அந்த நிமிடம் மறக்க இயலாதது. இரண்டு இருமல் இருமி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. மகன் குழந்தையைப் போலக் கை தட்டினான்.

கண்ணுக்குத் தெரியாத அபாயம்

லோடர் வேலையில் ஆபத்து மிகுதி. இதைத் தாய்மார்களும் அறிந்திருப்பது நலம். தூக்கி நிற்கும் கரங்களுக்கு அடியில் எவரும் கை நீட்டக் கூடாது. பழைய ஹோஸ் ஒன்று வெடித்தால் கரம் கண்ணிமைப்பதற்குள் கீழே விழும். எங்கள் ஹோஸ் ஒன்று சோதனையின்போது உண்மையிலேயே வெடித்தது. பக்கெட்டைத் தரையில் ஊன்ற வைத்துவிட்டே பழுது பார்ப்பது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தோம். அல்ஹம்துலில்லாஹ்! கொட்டகை முழுதும் எண்ணெய் தெறித்ததோடு போயிற்று.

ஹோஸில் ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் இன்னும் கொடியது. தோலைத் துளைத்து உள்ளே புகுந்து விடும். வெளியே சிறு புள்ளி போலத்தான் தெரியும். வலியும் முதலில் அதிகமிராது. ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். எனவே கசிவைக் கையால் தடவித் தேடாமல் ஓர் அட்டையைப் பிடித்துத் தேடுங்கள்.

பக்கெட்டில் பாரத்தை ஏற்றி மேலே உயர்த்தியபடி ஓட்டினால் வண்டி கவிழும். பாரம் தரையை ஒட்டியே செல்ல வேண்டும். பின்புறத்தில் ஈடுகட்டும் எடை கட்டாயம் வேண்டும். குழந்தைகளை ஆசைக்காக மடியில் ஏற்றிக் கொள்வது அறவே கூடாது. பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக் கூடும் என்பதால் உலரத் தேய்த்துத் தூசி கிளப்புவதும் தவறு.

வர்ணத்தின் அடியில்

இப்படி எல்லாம் சீராகி வருகையில்தான் அதிர்ச்சி காத்திருந்தது. லோடரின் கரங்களைத் தாங்கும் இடப்பக்கத் தூணில் வர்ணம் மட்டும் தடித்துப் பளபளத்தது. சுரண்டிப் பார்த்தோம். உள்ளே பட்டி! பட்டியை எடுத்தால், இரும்பில் விரல் நீளத்திற்கு ஒரு விரிசல். முன்னே வைத்திருந்தவர் எவரோ அதைச் சரி செய்யாமல் பட்டி வைத்து மெழுகி, வர்ணம் பூசி மறைத்திருக்கிறார். பாரம் தூக்கி நிற்கையில் அது முறிந்திருந்தால் என்னவாகியிருக்கும்? நினைக்கவே நெஞ்சு நடுங்கிற்று.

விரிசலை முழுவதுமாகக் கடைந்து எடுத்து, தேர்ந்த வெல்டரிடம் கொடுத்துப் பற்ற வைத்து, வெளிப்புறத்தில் ஒரு தகடும் வைத்து உறுதிப்படுத்தினோம். அதன் மேல் புதிய வர்ணம் ஏறியது. எங்கே விரிசல் இருந்தது என்று இப்போது எவராலும் கண்டுபிடிக்க இயலாது.

ஏப்ரல் மாதம் வண்டியைப் பார்க்க ஒரு முதியவர் வந்தார். ஓட்டிப் பார்த்து மகிழ்ந்தார். நாங்கள் கேட்ட இரண்டாயிரம் டாலருக்குச் சம்மதித்துப் பணத்தை எடுக்கப் போனார். மகன் என்னைத் தனியே அழைத்து, "அந்த வெல்டிங்கைச் சொல்ல வேண்டுமல்லவா வாப்பா?" என்றான்.

ஒளிக்காமல் ஒப்புக் கொள்கிறேன். என் மனம் தடுமாறியது. "உறுதியாகத்தானே பற்ற வைத்திருக்கிறோம்? அவர் கேட்டால் சொல்லலாமே? மதரஸாக் காரியத்துக்குத்தானே இந்தப் பணம்?" என்று என் நாவே சொல்லிற்று. மகன் என் முகத்தைப் பார்த்தபடி நின்றான். பிறகு மெதுவாக, "நமக்கு விற்றவரும் இப்படித்தானே நினைத்திருப்பார்?" என்றான்.

என்னால் பதில் சொல்ல இயலவில்லை. மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், விரல்களில் ஈரம் பட்டதும், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்டதும், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்ததும் எத்தனை ஜும்ஆக்களில் நான் கேட்டிருப்பேன்! ஈரத்தை மூடிய தானியத்துக்கும், விரிசலை மூடிய வர்ணத்துக்கும் என்ன வேற்றுமை? அல்லாஹ் தூய்மையானதை மட்டுமே ஏற்பான் என்றிருக்க, மறைத்துப் பெற்ற பணத்தில் மதரஸாவுக்குக் கூரை வேய்வது எங்ஙனம்?

மகன் தான் எடுத்த புகைப்படங்களை அம்முதியவரிடம் காட்டினான். விரிசல், கடைந்த பள்ளம், வெல்டிங், தகடு எல்லாவற்றையும் விளக்கினான். அவர் நெடுநேரம் பார்த்தார். நன்றி கூறினார்; வாங்காமல் போய் விட்டார். மூன்று வாரங்களுக்குப் பின் வேறொருவர் அதே படங்களைப் பார்த்த பிறகு ஆயிரத்து ஐந்நூறு டாலருக்கு எடுத்துச் சென்றார். செலவு போக மதரஸாவுக்குப் போன தொகை நாங்கள் எண்ணியதில் பாதிதான். ஆயினும் அன்றிரவு நான் நிம்மதியாக உறங்கினேன்.

உங்கள் சிந்தனைக்கு

வாசகப் பெருமக்களே! தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பை இளக்கிக் கொடுத்ததாகவும், கவசத்தின் வளையங்களை அளவோடு செய்யுமாறு பணித்ததாகவும் திருமறையில் இறைவன் கூறுகிறான். அண்ணலார் தம் காலணியைத் தாமே தைத்துக் கொண்டதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பழுது பார்ப்பது இழிவன்று; வீண் விரயத்தைத் தடுக்கும் நற்செயல். உங்கள் பிள்ளைகளின் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுங்கள். பழைய மின்விசிறியையேனும் அவர்களோடு அமர்ந்து பிரித்துப் பாருங்கள். தந்தையும் மகனும் ஒரே போல்ட்டைத் திருகும் வேளையில் பேசிக் கொள்ளும் பேச்சு, வேறெங்கும் கிட்டாது.

ஆனால் பழுது பார்ப்பது வேறு, பழுதை மறைப்பது வேறு. இரண்டுக்கும் மேலே பூசும் வர்ணம் ஒன்றாகவே இருக்கலாம். அடியில் இருப்பதை நாம் அறிவோம். நம்மைப் படைத்தவனும் அறிவான். பொருளை விற்கும்போது மட்டுமா? வரன் பேசும்போதும், கூட்டு வியாபாரம் தொடங்கும்போதும், சாட்சி சொல்லும்போதும் பட்டி வைத்து மெழுகாதிருக்கும் துணிவை நாம் பெற வேண்டாமா?

வல்ல அல்லாஹ் நம் கைகளின் உழைப்பிலும் நாவின் வாய்மையிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.